மவுஸ் மேல் கவிழ்த்த கிண்ணம்

மார்ச் 4

மாமாவுக்கு,

கையால எழுதி வருஷக்கணக்காச்சு, எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்குங்க. மெயில் அனுப்பினேன், நீங்க திறக்கல. அத்தைக்குப் போன் பண்ணினேன். "அவர் இப்பல்லாம் அந்த மெஷின்ல கையே வைக்கிறதில்ல மாப்பிள்ளை. பேப்பர்ல எழுதிப் போடுங்க, படிப்பார்"னாங்க. உங்க காதுக்கு போன் உதவாது. அதான் லெட்டர்.

விஷயம் உங்க கம்ப்யூட்டரைப் பத்தி. இத்தனை வருஷமா இங்கேருந்தே அதைப் பார்த்துக்கிட்டது உங்க பொண்ணு. அதுக்கு ஒரு சாப்ட்வேர் போட்டு வச்சிருந்தா. அங்க யாரும் எதையும் அமுக்க வேண்டாம், இவ இங்கேருந்து நேரா உள்ள வந்துடலாம். ஜனவரியில அவ நம்மளை விட்டுப் போனதுக்கு அப்புறமும் அந்த வழி திறந்தே கிடக்குது.

போன வாரம் அந்தக் கம்பெனிக்காரன்கிட்டேருந்து அவ மெயிலுக்கு ஒரு எச்சரிக்கை வந்துச்சு. யாரோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு அவ பேர்ல உள்ள நுழையப் பார்த்திருக்காங்க. அவ லேப்டாப்பை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன், அதனால கண்ணுல பட்டுச்சு. பாஸ்வேர்டை மாத்தலாம்னு போனேன். மாத்தணும்னா அவ போனுக்கு ஒரு நம்பர் வருமாம். அந்தப் போன் இணைப்பை பிப்ரவரியில நான்தான் கடைக்குப் போய் மூடிட்டு வந்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு "ஏன் சார் மூடுறீங்க, சர்வீஸ் சரியில்லையா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.

இன்னொண்ணு. அவ லேப்டாப்ல உங்க கம்ப்யூட்டர் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நீங்க அதை அணைக்கிறதே இல்லன்னு அர்த்தம். தொடாத மெஷினை ஏன் மாமா இப்படி ஓட விடுறீங்க? ஜனவரிக்கு அப்புறம் ஒரு அப்டேட் கூட ஏறல. கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குற மாதிரி இது.

தயவுசெஞ்சு ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. நான் வேற நல்ல சாப்ட்வேரா பார்த்துச் சொல்றேன். அத்தை மூட்டு வலி எப்படி இருக்கு?

மாப்பிள்ளை


மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படிக்க முடிந்தது.

பத்திரம், பத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்படிக்கிற பட்டறையில் சம்மட்டி மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்தவன் நான். என்னைப் போனில் கூப்பிட்டு ஏமாற்ற நினைக்கிறவன் முதலில் அவன் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அந்த விதத்தில் நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன்.

அணைக்கச் சொல்கிறீர்கள். அணைக்க மாட்டேன். கரண்ட் பில் நான் கட்டுகிறேன்.

வேறு மென்பொருள் வேண்டாம். பாப்பா போட்டுக் கொடுத்தது இருக்கட்டும். அவள் எப்படி வருவாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் பாட்டுக்கு பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஸ்கிரீனில் அந்த அம்புக்குறி தானாக நகரும். குப்பைத்தொட்டிப் படத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போடும். அதுதான் அவள் கதவைத் தட்டுகிற சத்தம். அப்புறம் நோட்பேடைத் திறந்து, பெரிய பெரிய எழுத்தாக அடிப்பாள்: "அப்பா சாப்டாச்சா". நான் கீழே அடிப்பேன். மற்றவர்கள் பெண்ணோடு போனில் பேசினார்கள். நான் அப்படிப் பேசினேன். என் ஒரு விரல் தட்டச்சைப் பார்த்து நீங்களும் பின்னால் நின்று சிரித்திருக்கிறீர்கள்.

என் பெண் என் வீட்டுக்குள் அனுமதி கேட்டு வந்தவள் இல்லை. அதற்கு இப்போது பூட்டுப் போடச் சொல்கிறீர்கள்.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனவர் நீங்கள். உங்கள் அத்தை உங்களுக்கு என்று எடுத்து வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. இரண்டு மாதம் ஒரு வரி இல்லை. இப்போது கம்ப்யூட்டருக்காகக் கடிதம். கம்ப்யூட்டருக்குத்தான் என்றாலும் வந்ததே என்று உங்கள் அத்தை சொல்கிறாள். அவள் நல்லவள்.

மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது.

மாமா


மார்ச் 16

மாமாவுக்கு,

நீங்க திட்டினது சரிதான். நான் கிளம்பினது உங்க மேல எதுவும் இருந்து இல்ல. அங்க எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு வரல. இன்னும் வரல. வேலைக்குப் போறேன், சர்வர் ரூம்ல ஜாக்கெட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், வீட்டுக்கு வர்றேன், பாத்திரம் கழுவுற தொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டே எதையாவது சாப்பிடுறேன். ஏதாவது பழுதாச்சுன்னா சரி பண்ணத் தெரியும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதனால இதையாவது சரியா பண்ணலாம்னு பார்க்குறேன்.

மூணு சாப்ட்வேர் எடுத்து சோதிச்சேன். முதலாவது பார்க்க அழகா இருக்கு, ஆனா ஒரே ஒரு பாஸ்வேர்டு தெரிஞ்சா எவன் வேணும்னாலும் எந்நேரமும் உள்ள வரலாம். இப்ப இருக்குற ஓட்டைதான், புது பெயின்ட். ரெண்டாவது இலவசம். ஆனா நடுவுல இருக்குற கம்பெனி நினைச்சா நம்ம ஸ்கிரீனைப் பார்க்க முடியும், அதை அவங்களே எங்கேயோ பொடி எழுத்துல எழுதி வச்சிருக்காங்க. மூணாவது பார்க்க அசிங்கமா இருக்கும். அதைத்தான் எடுத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் புது நம்பர், ஒரு தடவை போட்டது மறுபடி செல்லாது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவுல போறதை வேற யாரும் படிக்க முடியாது. யாராவது வரப் பார்த்தா உங்க ஸ்கிரீன்ல பெரிய கட்டம் வந்து கேக்கும், இன்னார் வர்றாங்க, அனுமதிக்கவா வேண்டாமான்னு. சத்தம் வராது, வெளிச்சம் அடிக்கும், உங்களுக்கு அதுதான் வசதி. உள்ள இருக்குற வரைக்கும் ஸ்கிரீனைச் சுத்தி சிவப்பு கோடு தெரியும். பிடிக்கலன்னா ஒரே பொத்தான், வெளிய தள்ளிடலாம்.

இதை எப்படி சோதிச்சேன்னு கேட்டா சிரிப்பீங்க. அவ லேப்டாப்பை பெட்ரூம்ல வச்சேன், என்னோடதை ஹால்ல வச்சேன். இங்கேருந்து கேட்டேன். அப்புறம் எழுந்து பெட்ரூமுக்கு நடந்து போய், அனுமதின்னு நானே அமுக்கினேன். மறுபடி ஹாலுக்கு வந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க இப்படியே நடந்தேன். அந்தப் பக்கம் யாராவது இருந்தாதான் இது வேலை செய்யும்.

எப்படிப் போடணும்னு தனித் தாள்ல பெருசா எழுதி இதோட வச்சிருக்கேன். முடியலன்னா மேல் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவருக்குத் தெரியும். முதல்ல பழசை எடுக்கணும், மெஷினை ரீஸ்டார்ட் பண்ணணும், அப்புறம் புதுசு. தாளோட கடைசி வரி உங்களுக்குத் தெரிஞ்சதுதான், எப்பவும் சொல்றதுதான்: நடுவுல ஸ்கிரீன் உறைஞ்சு நின்னுட்டா எதையும் தொடாதீங்க. அப்படியே விட்டுட்டுக் காத்திருங்க. தானா வரும்.

நேத்து அந்த எச்சரிக்கை மறுபடி வந்திருக்கு. சீக்கிரம் பண்ணுங்க மாமா.

மாப்பிள்ளை


மார்ச் 23

மாப்பிள்ளைக்கு,

தாளைப் படித்தேன். எல்லாம் புரியும்படி எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, தாளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன்.

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் அத்தைக்குக் கூடத் தெரியாது. சொல்லாவிட்டால் நீங்கள் கடிதம் மேல் கடிதம் போட்டு ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் என்பீர்கள். அதனால் சொல்கிறேன்.

அன்றைக்கு மதியம் பாப்பா என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அத்தை கண் டாக்டரிடம் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். குப்பைத்தொட்டியைச் சுற்றி வட்டம் போட்டு வந்தாள். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், கடைக்கு நீங்கள் இரண்டு பேரும் வரும்போது போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் எதையோ அடித்தேன். அவளிடமிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அடித்தாள்: "இருங்கப்பா கண்ணு கொஞ்சம்". அவ்வளவுதான். எழுத்து முடிகிற இடத்தில் வருமே, அந்தக் கோடு அங்கேயே நின்று மினுக்கிக்கொண்டே இருந்தது.

கீழே அடித்தேன், "தூக்கமா? போய்ப் படு பாப்பா" என்று. பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று அடித்தேன். பதில் இல்லை. அம்புக்குறி அசையவில்லை.

மவுஸை அசைத்துப் பார்க்கலாம் என்று கை போனது. அப்போதுதான் உங்கள் குரல் ஞாபகம் வந்தது. குரல் என்றால், நீங்கள் எழுதிக் காட்டியது. நின்றுவிட்டால் எதையும் தொடாதீர்கள், காத்திருங்கள், தானாக வரும். போன வருடம் நான் அவசரப்பட்டு ஸ்விட்சை அணைத்து எல்லாம் கெட்டுப்போனபோது நீங்கள் எவ்வளவு பொறுமையாகச் சொன்னீர்கள். அதனால் நான் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தை திரும்பி வந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "என்ன, சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று எழுதிக் கேட்டாள். "லைன் போயிடுச்சு, வரும்" என்றேன்.

என்னிடம் செல்போன் இருந்தது. உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கலாம். கம்ப்யூட்டர் நின்றதற்கு வேலையில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன்.

ராத்திரி உங்கள் செய்தி வந்தது.

அந்த நோட்பேட் பக்கம் இன்னும் ஸ்கிரீனில் அப்படியே இருக்கிறது. அவள் எழுத்தும் என் எழுத்தும். பெயர் கொடுத்துச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அதற்கு மவுஸைத் தொட வேண்டும். தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குக் கை வரவில்லை. யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்று மவுஸ் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அத்தையிடம் தூசிக்காக என்று சொல்லியிருக்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். அந்தக் கோடு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, இன்னும் ஏதோ அடிக்கப் போகிற மாதிரி.

பத்திரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஒரு தடவை நீங்களே வந்து, அதைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் எதை வேண்டுமானாலும் போடுங்கள். நீங்கள் வந்தால் கிண்ணத்தை எடுக்கிறேன். வேறு யாரையும் தொட விட மாட்டேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை.

மாமா


மார்ச் 24

மாமாவுக்கு,

உங்க பதில் இன்னும் வரல. அதுக்குள்ள ஒரு காரியம் பண்ணிட்டேன், அதைச் சொல்லத்தான் இது.

நேத்து ராத்திரி மூணாவது எச்சரிக்கை வந்துச்சு. இந்தத் தடவை தப்பான பாஸ்வேர்டு இல்ல, சரியானதே. அதாவது எவனோ கண்டுபிடிச்சுட்டான். உங்க பட்டறை அடையாள அட்டை நம்பரையே அவ பாஸ்வேர்டா வச்சிருந்தா, எங்கேருந்து கிளப்பினானோ தெரியல. அத்தைக்கு போன் அடிச்சேன், எடுக்கல. காத்திருக்க நேரமில்ல. அவ லேப்டாப்லேருந்தே உங்க மெஷினுக்குக் கட்டளை கொடுத்தேன். பழைய சாப்ட்வேரை எடுத்துட்டேன், உள்ள எவனாவது ஒட்டிக்கிட்டு இருந்தா அறுந்து போகட்டும்னு ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். இந்த லெட்டர் வர்றதுக்குள்ள நீங்களே பார்த்திருப்பீங்க, மெஷின் புதுசா ஓடி நிக்கும், பயப்படாதீங்க.

உங்க ஸ்கிரீனைத் திறந்து பார்க்கல. பார்த்திருக்கலாம், ஒரு பொத்தான்தான். நீங்க அனுமதி கொடுக்கல, அதனால பார்க்கல. உங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்குற மாதிரி இருந்துச்சு.

அந்தப் பச்சைப் புள்ளி அணைஞ்சுது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இனிமே யாரும் வர முடியாது மாமா. நிம்மதியா இருங்க.

மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளைக்கு,

24ஆம் தேதி காலையில் போய்ப் பார்த்தபோது ஸ்கிரீனில் வெறும் மலைப் படம் மட்டும் இருந்தது. கழுவி விட்ட தரை மாதிரி. முதலில் எனக்குப் புரியவில்லை. மவுஸ் மேல் கிண்ணம் அப்படியே கவிழ்ந்திருந்தது, யாரும் தொடவில்லை. தொடாமலே போய்விட்டது.

மூன்று நாள் கழித்து உங்கள் கடிதம் வந்ததும்தான் தெரிந்தது. உங்களுடைய 24ஆம் தேதிக் கடிதமும் என்னுடைய 23ஆம் தேதிக் கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

உங்கள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, மற்ற பாத்திரங்களோடு அடுக்கி வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அதிலேயே எனக்குச் சாப்பிடக் கொடுத்தாள்.

கோபம் இல்லை என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. யார் மேல் என்று தேடிப் பார்த்தால், தொடாதே என்று சொன்னவர் மேலும் இருக்கிறது, தொடாமல் இருந்தவன் மேலும் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்த ராத்திரி நீங்கள் அனுமதி இல்லாமல் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். நானும்தான், அந்த மதியம் அனுமதி இல்லாமல் ஒரு தடவை உங்கள் போனுக்கு எழுதியிருக்கலாம். இரண்டு பேருமே மரியாதை தெரிந்தவர்கள்.

கடைசி வரிகள் எனக்கு மனப்பாடம். மேலே இருந்தது எல்லாம் நழுவிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியைப் பற்றி அவள் ஏதோ கேலி செய்திருந்தாள், என் மூக்கைப் பற்றி, அது என்ன என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், வர மாட்டேன் என்கிறது.

மேல் வீட்டுக்காரர் வந்து, உங்கள் தாளைப் பார்த்து, புது மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். "உங்க மாப்பிள்ளை தெளிவா எழுதியிருக்கார்" என்று எழுதிக் காட்டினார். ஆமாம் என்றேன்.

நீங்கள் இப்போது வர வேண்டாம். வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமா


ஏப்ரல் 8

மாமாவுக்கு,

உங்க 23ஆம் தேதி லெட்டர், நான் என்னோடதை போஸ்ட் பண்ணிட்டு வந்த ரெண்டாம் நாள் வாசல்ல கிடந்துச்சு. படிச்சேன். பதில் எழுத உக்காந்தேன், மாமாவுக்குன்னு எழுதுவேன், அதுக்கு மேல ஓடாது. அப்புறம் 30ஆம் தேதி லெட்டரும் வந்துச்சு.

மன்னிப்பு கேக்கல. கேட்டா நீங்க கொடுத்துத் தொலைக்கணும், அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம்.

அந்தப் பக்கத்தை மீட்க முடியுமான்னு பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச எல்லாரையும் கேட்டேன். சேமிக்காதது, மெமரியில மட்டும் இருந்தது, கரண்ட் போன நொடியில அழிஞ்சு போகும். இதை நானே புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன்.

ஆனா ஒண்ணு கிடைச்சுது. சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். மறைச்சு வச்சு நாம ரெண்டு பேரும் நல்லா இருந்ததில்ல, அதனால சொல்லிடுறேன்.

அவ லேப்டாப்ல ஒரு பதிவு இருக்கு. எப்ப இணைஞ்சுது, எப்ப அறுந்துதுன்னு அதுவே குறிச்சு வைக்கும். இத்தனை நாளா அதைத் திறக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அன்னிக்கு ராத்திரி நான் வீட்டுக்கு வந்தப்போ லேப்டாப் சார்ஜ் இல்லாம செத்துக் கிடந்துச்சு, அவ ஏதோ ஆபீஸ் வேலை பண்ணிக்கிட்டிருந்தான்னு நினைச்சுட்டேன். இப்ப திறந்து பார்த்தேன்.

லைன் கட் ஆகல மாமா. மதியம் இணைஞ்சது, சார்ஜ் தீர்ற வரைக்கும் அறுபடவே இல்ல. நான் கதவைத் திறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அறுந்திருக்கு. நீங்க அடிச்சது எல்லாம் அவ ஸ்கிரீன்ல வந்திருக்கு. தூக்கமா, போய்ப் படு பாப்பான்னு நீங்க எழுதினது அவ முன்னாடி இருந்திருக்கு. அவ படிச்சாளான்னு தெரியாது. அதைப் பதிவு குறிக்காது.

மூளையில ரத்தக் கசிவுன்னு டாக்டர் சொன்னப்போ, சீக்கிரம் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாளான்னு அவர்கிட்ட நான் கேக்கல. கேக்கவும் போறதில்ல. நீங்களும் கேக்க வேண்டாம்.

நான் இத்தனை நாளா தூங்காம நினைச்சுக்கிட்டிருந்தது வேற. அந்த மதியம் முழுக்க, அந்த ரூம்ல, அவ தனியா இருந்தான்னு. ஒருத்தர் கூட பக்கத்துல இல்லாமன்னு. அது நிஜமில்ல. கையை மடியில வச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்திருக்கார். நேத்து அதை நினைச்சப்போதான், சர்வர் ரூம்ல, எனக்கு அழுகை வந்துச்சு. அந்த ரூம்ல மெஷின் இரைச்சல்ல யாருக்கும் கேக்காது, நல்ல இடம்.

அவ உங்க மூக்கைப் பத்தி என்ன சொன்னாள்னு எனக்குத் தெரியும். அதை ஒரு நூறு தடவை எனக்குச் சொல்லிச் சிரிச்சிருக்கா. எந்தக் கண்ணாடி போட்டாலும் அப்பா மூக்குல நிக்காது, நடுவுல ஒரு ஆணி அடிச்சாதான் நிக்கும்பா. அதுவாத்தான் இருக்கும்.

வர வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. வரல. இதோட வேற தாள் வச்சிருக்கேன், பழசைக் கிழிச்சுடுங்க. கடைசி வரியை மாத்தியிருக்கேன். ஸ்கிரீன் நின்னுட்டா காத்திருக்காதீங்க. எதை வேணும்னாலும் தொடுங்க, அணைங்க, உடைங்க. எனக்கு உடனே ஒரு வார்த்தை அனுப்புங்க. நான் எங்க இருந்தாலும், என்ன வேலையில இருந்தாலும்.

ஞாயித்துக்கிழமை மதியம், அவ வர்ற நேரத்துக்கு, உங்க ஸ்கிரீன்ல அந்தப் பெரிய கட்டம் வரும். அவ லேப்டாப்லேருந்துதான் வருவேன், ஆனா அதுல இருந்த அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டிருக்கேன். வர்றவன் யாருன்னு உங்களுக்குத் தெரியணும். அனுமதிக்கவா வேண்டாமான்னு கேக்கும். வேண்டாம்னு அமுக்கணும்னு தோணினா அமுக்குங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி கேப்பேன்.

மாப்பிள்ளை